விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

ஜூன் 4, புதன்

மூன்றாவது வகுப்பு. தொண்டை கட்டிவிட்டது. பழைய தொலைபேசி நிலையத்தின் மாடிக் கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அது சுற்றுவதைவிடக் கத்துவது அதிகம். கீழ்த்தளத்தில் தையல் வகுப்பு நடக்கிறது. எந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது தரை வழியே ஓர் இரைச்சல் ஏறி வந்து உள்ளங்காலில் கூசுகிறது. அதையும் மீறிப் பேச வேண்டியிருக்கிறது.

பழைய கட்டடத்தை எப்படிப் பாதுகாப்பது என்று கற்றுக்கொள்ள வந்திருக்கிற தன்னார்வலர்கள் எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரர் - பேச்சு வேகத்துக்காக அவரை எல்லோரும் 'தந்தி' என்கிறார்கள் - வீட்டிலிருந்து உப்புத்தாள், கம்பி பிரஷ் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முதல் மாதம் எதையும் தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான் போகிறோம் என்றேன்.

"சும்மா பாத்துட்டே நிக்கறேன்னுதான் வீட்ல திட்டு வாங்கறேன். இங்க அதுக்கு வகுப்பே நடக்குதா!" என்றார் வகுப்புக்கு வருகிற இன்னொருவர், பெயின்டர். ஒரே சிரிப்பு.

கடைசி வரிசையில் அத்தை. என் கணவரின் அம்மா. சேரப்போவதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதே கூடத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவர், ஓய்வு பெறும்வரை. வகுப்பில் கையைத் தூக்கி "டீச்சர், ஒரு சந்தேகம்" என்கிறார். வீட்டுக்கு வந்ததும் "ஏம்மா, அடுப்பைச் சின்னதா வைக்கச் சொன்னேனே" என்கிறார். மாமியாருக்குப் பாடம் எடுக்கிற பாக்கியம் எத்தனை மருமகளுக்குக் கிடைக்கும் என்று இவர் கேலி செய்கிறார். எனக்கென்னவோ உள்ளுக்குள் உதறல்தான்.

உதறலுக்கு வேறு காரணமும் இருக்கிறது. நகராட்சி இந்தக் கட்டடத்தை எங்களிடம் ஒரு வருடத்துக்குத்தான் விட்டிருக்கிறது. சுவர் அசைகிறது என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், இடித்து வாகன நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

தையல் டீச்சர் மாடிக்கு வந்து கேட்டார்: "படிக்கட்டுச் சுவர்ல ஒரு கோடு ஓடுதே, அது பழசா புதுசா?"

எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனேன். படிக்கட்டின் பின்சுவரில், மின்பெட்டியின் அடியிலிருந்து தொடங்கி, செங்கல் செங்கலாகப் படியேறி, கூரை வரை.

"இதுவா? நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருக்கே! நாங்க இதுக்குப் பல்லின்னு பேர் வெச்சிருந்தோம்" என்றார் அத்தை.

விரிசல் என்றால் இரண்டு வகை என்று விளக்கினேன். தூங்குகிற விரிசல், விழித்திருக்கிற விரிசல். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையையும் பூச்சு வைத்து ஒட்டிவிட வேண்டும். சுவர் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். கண்ணாடி பொய் சொல்லாது.

மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஒட்டினோம். கண்ணாடி அறுக்கவும் பூச்சுக் குழைக்கவும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அத்தை வைத்த பூச்சு நான் வைத்ததைவிட ஒழுங்கு. தினமும் காலையில் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்றதும் அத்தையே முந்திக்கொண்டார். "எனக்கு எப்படியும் விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துடும். சாவியை என்கிட்டயே குடுங்க." மற்றவர்களுக்கு நிம்மதி. எனக்கும் பெருமைதான்.

ஜூன் 16, திங்கள்

மூன்றும் முழுசாக இருக்கின்றன.

ஜூன் 21, சனி

நேற்றிலிருந்து விடாத மழை. கண்ணாடி நினைவாகவே இருந்தேன். மதியம் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்றும் முழுசு. அப்படியே படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

ஆனால் படிக்கட்டுக்குக் கீழேயுள்ள கதவு திறக்கவே இல்லை. தோளால் மோதித்தான் திறக்க வேண்டியிருந்தது. போன வாரம் விரலால் தள்ளினால் போதும். மழையில் மரம் ஊதியிருக்கும். ஊதும்தானே?

கதவு இறுகினால் நிலை சாய்கிறது என்று பொருள் - நான்தான் வகுப்பில் சொன்னேன்.

ஜூன் 26, வியாழன்

அடுத்த மாதம் இருபதாம் தேதி கட்டடத்தை எல்லோருக்கும் திறந்து காட்டுகிற நாள் என்று முடிவாகிவிட்டது. ஊரையே கூப்பிடுகிறார்கள். மாடிக் கூடத்தில் இருநூறு பேர் நிற்கலாம் என்று தந்தி கணக்குப் போடுகிறார். நகராட்சித் தலைவர் வந்து பார்த்து மனம் மாறினால் கட்டடம் நிரந்தரமாக எங்களுக்கே கிடைக்கும் என்று நம்பிக்கை. அத்தை தன்னோடு வேலை பார்த்த தோழிகளுக்கெல்லாம் போன் செய்து முடித்துவிட்டார்.

இருநூறு பேர் ஒரே படிக்கட்டில் ஏறி, ஒரே படிக்கட்டில் இறங்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "கண்ணாடி உடையலையே, அப்புறம் என்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சரிதான். கண்ணாடி உடையவில்லை. ஆனால் இன்று மூன்றாம் படியில் சுண்ணாம்புப் பொடி கிடந்தது, யாரோ மாவு சிந்தியதுபோல. துடைத்துவிட்டு வந்தேன். எதற்குத் துடைத்தேன்? படம் எடுத்திருக்க வேண்டும். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று என் கையே முந்திக்கொண்டது.

ஜூலை 1, செவ்வாய்

நடுக் கண்ணாடியின் பூச்சைச் சும்மா விரலால் தொட்டேன். ஈரம். குளிர்ந்து இருந்தது. நகத்தை அழுத்தினால் பதிந்தது. மூன்று வாரமான பூச்சு கல்லாக இருக்க வேண்டும். மேலே போய்ப் பார்த்தேன், அது காய்ந்திருந்தது. ஆனால் நிறம் வேறு. நான் குழைத்த பூச்சு அல்ல.

யாரோ மாற்றியிருக்கிறார்கள். உடைந்ததை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டியிருக்கிறார்கள். எத்தனை முறை? எப்போதிலிருந்து?

அப்படியானால் சுவர் விழித்திருக்கிறது. அதன் கீழே இத்தனை நாளாக நாங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

யாரிடமும் சொல்லவில்லை. மின்பெட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், விரிசலுக்கு இரு பக்கமும் இரண்டு சின்ன ஆணி அடித்தேன். நடுவே இருக்கிற தூரத்தை அளந்துகொண்டு வந்தேன். ஆணி அடித்த ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூலை 2, புதன்

சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. அத்தை, தையல் டீச்சர். கட்டடம் போனால் தையல் டீச்சருக்கு வகுப்பறை போகும். வேறு இடம் பார்க்க அவருக்கு வசதி கிடையாது. எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

பெயின்டரும் தந்தியும் அங்கேயே நிற்கும்போது, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, காலையில் யாராவது அந்தச் சுவரைத் தொட்டார்களா என்று அவரிடம் கேட்டேன். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"என்னைக் கேக்கறீங்களா?"

"எல்லாரையும்தான் கேக்கறேன்."

"எல்லாரையும்னா எல்லாரையும் கேளுங்க. என் முகத்தை மட்டும் பாத்துக் கேக்காதீங்க."

எந்திரங்கள் எல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டன. அந்தப் பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று மேலே ஏறி வந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

அளந்தேன். மூன்று முறை அளந்தேன். இரண்டு ஆணிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கின்றன. ஓர் எறும்பின் அகலம்கூட இருக்காது. நாலே நாளில்.

ஜூலை 6, ஞாயிறு

நடைவழிச் சுவரில் மாட்டியிருக்கிற படங்களைத் துடைத்தேன். துணி மாமனார் படத்தின் காகிதத்திலேயே உரசியது. கண்ணாடி இல்லை. பக்கத்துப் படம் - எங்கள் கல்யாணப் படம் - அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சட்டமும் படமும் மட்டும் பழையபடி நேராகத் தொங்குகின்றன.

துணியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன். முன்னறையில் அத்தை வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். உடைத்ததை மறைப்பதற்கு என்ன பழமொழி?

ஐயோ, நான் அந்தத் தையல் டீச்சரைப் போய்...

ஜூலை 7, திங்கள்

இவர் வேலைக்குக் கிளம்பியதும் அத்தையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"படத்துல இருந்த கண்ணாடி எல்லாம் எங்க அத்தை?"

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "கண்டுபிடிச்சிட்டியா? கடையில வாங்கினா ஊருக்கே தெரிஞ்சிடும். அதான்."

"எப்பலேர்ந்து?"

"அந்தப் பெரிய மழை பெஞ்சுதே, அன்னிக்கு விடியக்காலைலேர்ந்து. முதல்ல கீழ இருந்தது போச்சு. அப்புறம் நடுவுல. நடுவுல இருக்கிறது மூணு தடவை போயிடுச்சு, மேல ஒரு தடவை." பிறகு, சத்தியமாக, கொஞ்சம் பெருமையோடு: "அறுக்கறது நல்லா வருதுல்ல எனக்கு? நீ சொல்லிக்குடுத்த மாதிரியே எண்ணெய் தொட்டு அறுத்தேன்."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. "கீழ அத்தனை பொண்ணுங்க தைக்கறாங்க அத்தை."

"அந்த விரிசல் என் காலத்துலயே இருக்கு. எங்க மேல விழாததா இப்ப விழப்போவுது?"

"அப்ப கண்ணாடி ஏன் உடையுது?"

அவர் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார். "உடைஞ்சிருக்குன்னு நீ எழுதினா இடிச்சிடுவாங்க. நீதானே சொன்னே. இருபதாந்தேதி முடியட்டும். தலைவர் வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் நானே உன்கூட வந்து எழுதித் தரேன்."

"அன்னிக்கு இருநூறு பேர் வருவாங்க."

"இந்த வீட்டுல நான் ஒருத்தருக்குப் பொண்டாட்டி, ஒருத்தனுக்கு அம்மா, உனக்கு மாமியா. அங்க ஏழாம் நம்பர் சீட்டு. வேற ஒண்ணுமே இல்ல. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதும்மா. நீ படிச்சு வேலைக்குப் போற பொண்ணு, உனக்கு அது தினமும் கிடைக்குது."

சாவியைக் கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால், இறுக்கிப் பிடித்ததில் என் உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

அதே நாள், மாலை

இவரிடம் சொல்லிவிட்டேன். நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "ரெண்டு நாள் பொறுத்து, நிதானமா, அம்மா பேரு வெளிய வராத மாதிரி ஏதாவது செய்யலாமே" என்றார்.

சரி என்றேன். சொன்னேனே, சரி என்று! இன்று முழுக்க அந்தக் கட்டடம் திறந்திருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அத்தை கண்ணாடி ஒட்டினார். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

ஜூலை 8, செவ்வாய்

மூடிவிட்டேன்.

காலையில் போனபோது நடுக் கண்ணாடி உடைந்திருந்தது. மாற்ற ஆள் இல்லாததால் உடைந்தபடியே இருந்தது. நான் என் கண்ணால் பார்த்த முதல் உடைந்த கண்ணாடி. மெல்லிய கோடுதான். அதற்குள் எந்திரங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அந்தச் சத்தத்துக்குக் கண்ணாடியின் இரு பாதியும் ஒன்றோடொன்று உரசி மெதுவாகக் கிணுகிணுத்தன. அதைக் கேட்டதும் உள்ளே ஓடிப்போய், "எல்லாரும் எந்திரிங்க, பையை எடுக்க வேணாம், வெளிய போங்க, வெளிய போங்க" என்று கத்தினேன். என் குரல்தானா அது?

சிலர் நெருப்பு என்று நினைத்து ஓடினார்கள். ஒரு பெண் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மின்சாரத்தை அணைத்து, பூட்டி, நகராட்சிக்குப் போன் செய்தேன்.

தெருவில் எல்லோரும் நின்று கட்டடத்தைப் பார்த்தார்கள். கட்டடமும் ஒன்றும் நடக்காததுபோல நின்றது.

"எங்க விழுந்துச்சு?" என்று தையல் டீச்சர் கேட்டார். "துணியெல்லாம் உள்ள இருக்கு. நாளைக்குத் தர வேண்டிய தையல் இருக்கு. எங்க விழுந்துச்சு, காட்டுங்க!"

காட்ட எதுவுமில்லை.

ஜூலை 9, புதன்

விழவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்தார். பொறுமையான மனிதர், அந்தப் பொறுமைதான் இன்னும் பயமாக இருந்தது. "இத்தனை நாளா எல்லாம் முழுசுன்னு உங்க ஆளுங்களே குறிச்சிருக்காங்க. ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் எந்திரம் ஓடற அதிர்வுல போயிருக்கலாம். எதை வெச்சும்மா மூடினீங்க?"

ஆணிகளைக் காட்டினேன். "ரெண்டு ஆணி" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார். யாரோ கண்ணாடியை மாற்றியிருக்கிறார்கள் என்றேன். யார் என்றார். நான் ஆணிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை எல்லோரையும் வைத்து விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்புக்கு யாரும் வரவில்லை. தந்தி மட்டும் தெருவில் எதிர்ப்பட்டார், அவரும் ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "பாக்கலாம்."

அத்தை தட்டைத் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறார்.

ஜூலை 13, ஞாயிறு

தினமும் அந்தத் தெரு வழியாக நடந்து பார்க்கிறேன். நிற்கிறது. நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. விழாவிட்டால் நான் பைத்தியக்காரி. ஊரே கூடிக் கொண்டாட இருந்த நாளைக் கெடுத்தவள். அந்தப் பெண்களின் பிழைப்பைக் கெடுத்தவள்.

ஒரு நல்ல கட்டடம் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேனா? அதைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுக்க வந்தவள்!

ஜூலை 14, திங்கள்

நகராட்சி அலுவலகத்தில், நீளமான மேசை போட்ட அறை. பொறியாளர், தன்னார்வலர்கள், தையல் டீச்சர், அத்தை. சாவி யார் யாரிடம் இருந்தது என்று பொறியாளர் கேட்டதுமே எல்லார் கண்ணும் தையல் டீச்சர் பக்கம் திரும்பிவிட்டது. நான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்விதான் காரணம். அதை ஊரே பேசியிருக்கிறது.

"இடம் போயிடும்னு பயந்து மாத்தியிருக்கலாம். தப்பா நினைக்கல, கேக்கறேன்" என்றார் பெயின்டர்.

தையல் டீச்சர் எழுந்தார். "என் பொண்ணுங்களை அந்தச் சுவத்துக்குக் கீழ உக்கார வெச்சிட்டு நான் மாத்துவேனா? சொல்லுங்க, நான் மாத்துவேனா?"

அவர் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். இல்லையென்றால் யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஒரு நொடி - அந்த ஒரு நொடியில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

"அவங்க இல்ல. நான்தான்" என்றார் அத்தை.

உட்கார்ந்தபடியே சொன்னார். குரல் தெளிவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. தொலைபேசியில் அந்தக் குரலில்தான் பேசியிருப்பார் போலும். எந்த நாளில் எந்தக் கண்ணாடி உடைந்தது, எத்தனை முறை மாற்றினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பொறியாளர் எழுத எழுத, அவர் கை நிற்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னார்.

"என் மருமகளுக்கு இது ஒரு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் தெரியாது. தெரிஞ்ச மறுநாளே மூடிட்டா. அவ மேல பழி போட வேணாம்."

பொறியாளர் பேனாவை மூடினார். "மூணு வாரத்துல அஞ்சு தடவையா?" உடனே எழுந்து, போன் செய்ய அடுத்த அறைக்குப் போனார். முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், இன்றே வேண்டும் என்று அவர் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது.

தையல் டீச்சர் அத்தையைப் பார்த்து, மிக மெதுவாக, "உங்களை அக்கான்னு கூப்பிட்டேனே" என்றார்.

ஜூலை 16, புதன்

கூடத்தின் பக்கம் முட்டு வைத்து முடித்துவிட்டார்கள். படிக்கட்டுப் பக்கம் நாளை மறுநாள். தையல் எந்திரங்களைச் சன்னல் வழியாகவே வெளியே எடுத்தார்கள். அத்தை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரம். மழை இல்லை, காற்று இல்லை. வெயில்கூட அடித்தது. லாரியிலிருந்து கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம். கொட்டி முடிக்கவே மாட்டேன் என்பதுபோல நீண்டது. பிறகு நாய்கள் குரைத்தன.

அத்தை தட்டோடு அறை வாசலில் வந்து நின்றார். "யாராவது..." என்று கேட்டார்.

ஓடினேன். மூலை திரும்பும்போதே தெருவெல்லாம் வெள்ளைப் புழுதி. படிக்கட்டுச் சுவர் முழுக்க உள்பக்கமாகச் சரிந்து, தையல் வகுப்பின் அறைமேல் உட்கார்ந்திருந்தது. படிகளும் போயின. முட்டு வைக்கிறவர்கள் எதிர்க்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் சோறோடு அப்படியே நின்றார். அவர்களை ஒவ்வொருவராக எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள்.

மாடிக் கூடம் நின்றது. ஒரு பக்கம் திறந்து, உள்ளே இருக்கிற மின்விசிறி தெருவுக்குத் தெரிய, முட்டுகளின் மேல் நின்றது.

திரும்பி வந்தபோது அத்தை அதே வாசலில், அதே தட்டோடு நின்றிருந்தார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல அத்தை. உள்ள யாருமே இல்ல."

தட்டைக் கீழே வைத்தார். தரையிலேயே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழவில்லை, கை மட்டும் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டேன். என் கையும் ஆடியது. யாருடைய நடுக்கம் யாருக்கு என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்றுதான் அந்த இருபதாம் தேதி.

எதுவும் எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சுவருக்கு அடியில் ஒரு பழைய கழிவுநீர்க் குழாய் உடைந்து, பல மாதமாக மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருக்கிறது என்று பொறியாளர் காட்டினார். அத்தை சொன்ன நாள்களை மழை பெய்த நாள்களோடு வைத்துப் பார்த்துத்தான் தோண்டினாராம். குழாயை மாற்றிவிட்டால் மீதிக் கட்டடம் நிற்கும் என்கிறார். தலைவருக்கு அப்படித்தான் எழுதப் போகிறாராம். நம்பலாமா? எதையும் நம்ப மனம் வரவில்லை.

தந்தி வந்து பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார். மன்னிப்புக் கேட்டதாகத்தான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அத்தை காலையில் நல்ல துணி உடுத்திக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. மதியம் ஒரு சின்ன வண்டி வாசலில் வந்து நின்றது. அதில் ஆறு தையல் எந்திரம். பின்னால் தையல் டீச்சர், முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி.

"முன்னறையில போடுங்க. சோபாவை நகத்தணும்" என்றார் அத்தை. இவர் ஒன்றும் கேட்காமல் சோபாவின் ஒரு முனையைத் தூக்கினார்.

எப்படி அழைத்தார், என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "நாலு தடவை கதவைச் சாத்தினா. அஞ்சாவது தடவை சாத்தல" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 20, புதன்

முன்னறையில் எந்திரங்கள் ஓடுகின்றன. சமையலறையில் நிற்கும்போது தரை வழியாக அதே இரைச்சல் வந்து காலில் ஏறுகிறது. இன்று என்னையறியாமல் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எங்கள் வீடு புதுசு. ஒன்றுமில்லை. இருந்தாலும் மறுபடி பார்த்தேன். இனி எந்த அறைக்குள் நுழைந்தாலும் இப்படித்தான் பார்ப்பேன் போலிருக்கிறது.

தையல் டீச்சர் அத்தையோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என்னிடம் கேட்கிறார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டது ஒரு கேள்வி. அவங்க செஞ்சது வேற" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. கூடத்தை இடிக்கவில்லை. படிக்கட்டை வெளிப்பக்கமாக இரும்பில் கட்டித் தருவார்கள். பயிற்சி தொடரலாம். ஆனால் வாரம் ஒருமுறை சுவர்களைப் பார்த்துப் பொறியாளருக்கு நேரில் சொல்ல வேண்டும்.

தன்னார்வலர்கள் கூடிப் பேசினார்கள். அத்தையை விலக்க வேண்டும் என்றார் பெயின்டர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கடைசியில் தையல் டீச்சர் பேசினார். "விலக்க வேணாம். ஆனா இனிமே யாரும் தனியாப் பாக்கக் கூடாது. ரெண்டு ரெண்டு பேராப் போகணும். அவங்ககூட நான் போறேன். என் கண்ணைத் தாண்டி அவங்க எதையும் மாத்த முடியாது."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "அவளா சொன்னா?" என்றார். மறுபடி ஒருமுறை கேட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் நான் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தேன். வாசல் கம்பிக்கதவை யாரோ தட்டினார்கள். தையல் டீச்சர். உள்ளே வரவில்லை. முன்னறையைத் திறந்து வேலையைத் தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

"கிளம்பலாமா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அக்கா என்று சொல்லவில்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்று பெயரும் சொல்லவில்லை.

அத்தை செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. அவர் இவ்வளவு பதறி நான் பார்த்ததில்லை. குனிந்து அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"பயமா இருக்கும்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"எனக்கும்தான் அத்தை. போய்ட்டு வாங்க."

இருவரும் தெருவில் இறங்கினார்கள். தையல் டீச்சர் முன்னால் போனார். அத்தை நாலடி பின்னால். மூலைக்குப் போனதும் முன்னால் போனவர் நின்றார். திரும்பிப் பார்க்காமல், அத்தை வந்து சேரும்வரை நின்றார்.